உதடு ஒட்டாத சொற்கள்

அந்த லாண்டரியில் அவளுக்குச் ‘சோதனைச் சாவடி’ என்று பட்டப்பெயர். வைத்தவர் இஸ்திரி போடுகிறவர். வருகிற துணி எதுவானாலும் அவள் விரல் நுழையாமல் மெஷினுக்குள் போனதில்லை. சட்டைப் பை, கால்சட்டைப் பை, கோட்டின் உள்பை, அந்த உள்பைக்குள்ளும் யாராவது ஒரு கள்ளப்பை தைத்து வைத்திருந்தால் அது. ஒரு பேனாவைக் கவனிக்காமல் விட்டால் போதும், மெஷினில் கிடக்கிற வெள்ளைத் துணி அத்தனையும் நீலமாகிவிடும். அப்புறம் முதலாளி ஆடுகிற ஆட்டத்தை யார் பார்ப்பது?

“மனுஷன் மனசைக்கூட இப்படித்தான் தடவிப் பார்ப்பியாம்மா?” என்று இஸ்திரிக்காரர் கேட்பார்.

“உங்க மனசைத் தடவினா சிகரெட் துண்டுதான் வரும். சட்டை கருகுது, அதைப் பாருங்க” என்பாள். வாய் அப்படி. யாரையும் விட்டுவைக்காது.

பைகளில் கிடைத்ததில் சாவி, மோதிரம், அடையாள அட்டை எல்லாம் ஒரு கவரில் போட்டுத் துணியோடு குத்தி உரியவரிடம் போய்விடும். மிச்சத்தைக் காட்டினால், “ஐயோ, அது குப்பைம்மா, தூக்கிப் போடுங்க” என்பார்கள். அந்தக் குப்பையை அவளால் தூக்கிப் போட முடியவில்லை. அதுதான் அவளுடைய வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்தது ஒரு கோட்டில்தான். ஒரு பையில் மாத்திரை தீர்ந்த வெறும் அட்டை; இன்னொரு பையில் பொம்மைக் காரின் ஒரே ஒரு சக்கரம். மாத்திரை அட்டையின் பின்னால், ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடித்திருந்தது. சட்டை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே ஒரு வெள்ளை அட்டை, அதில் முனை மடங்கிய ஒன்று மேஜைமேல் கிடந்தது. சும்மா இருக்கமாட்டாமல் அந்த வரியை மட்டும் வெட்டி அட்டையில் வைத்து, கீழே சக்கரத்தை வைத்துப் பார்த்தாள். என்னமோ செய்தது. அன்றைக்கு அவளுக்கு வாங்கி வைத்த டீ அப்படியே ஆறிப்போனது.

அதன் பிறகு விடவில்லை. மடங்கிய அட்டை எல்லாம் அவளுக்குத்தான். தன் கடைச் சீட்டையே ஒருமுறை கத்தரித்தாள்: ‘கறை போகாவிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.’ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டில் கிடைத்த காய்ந்த பூவை அதன் பக்கத்தில் ஒட்டினாள். இஸ்திரிக்காரர் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அன்று முழுக்கத் தலை நிமிராமல் இஸ்திரி போட்டார். அவருக்கும் கல்யாணம் ஆகி வீடு ஒன்று இருந்ததல்லவா.

கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அட்டைகள் எல்லாம் அதற்குள். கவிதை, கலை என்றெல்லாம் அவள் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. யாராவது கேட்டால், “பொழுது போகணும்ல” என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா கண்ணை மூடியபோது அவன் பள்ளிக்கூட வாசலையே பார்த்திராத பொடியன். அப்பா லாரி ஓட்டுகிறவர். விருந்தாளி மாதிரி வந்து போவார். சமைத்ததும் குளிப்பாட்டியதும் கையைப் பிடித்துப் பள்ளியில் விட்டதும் இவள்தான். பெண் கேட்டு யாராவது வந்தால், “தம்பிக்குப் பரீட்சை முடியட்டும்” என்பாள். பரீட்சைகளும் முடிந்தன, கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. தம்பி நன்றாக இருந்தால் சரி.

அந்தத் தம்பிக்குப் பேச்சு திக்கும். எல்லாச் சொல்லும் இல்லை. உதடு இரண்டும் ஒட்டித் திறக்கிற எழுத்தில் தொடங்குகிற சொல் மட்டும். ப வரிசை, ம வரிசை. வந்தால் போதும், பசை தடவியதுபோல் உதடு ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், சொல் மட்டும் வராது. ஒரு நாள் பால் வாங்கி வர அனுப்பினாள். பாத்திரம் காலியாகவே திரும்பி வந்தது. பின்னாலேயே அவனும் அழுதுகொண்டு வந்தான்.

“வராத சொல்லையே ஏன்டா பிடிச்சுத் தொங்குற? வேற மாதிரி சொல்லு” என்றாள்.

“எப்டி?”

“டீக்கு ஊத்துற வெள்ளைன்னு சொல்லு.”

போனான். கடைக்காரர் சிரித்தாராம், ஆனாலும் ஊற்றிக் கொடுத்தார். பாத்திரம் தளும்பத் தளும்ப அவன் தூக்கிக்கொண்டு வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தனி மொழி உண்டாகிவிட்டது. பசி என்றால் ‘வயிறு காலி’. மழை என்றால் ‘வெளிய ஈரம்’. பயம் என்றால் ‘உள்ள நடுக்கம்’. அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெருமை அவளுக்கு உள்ளூர உண்டு.

வளர்ந்து ஆளானவனுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள்: இரும்புச் சாமான் கடை. போல்ட், பைப், பெயிண்ட், பம்பு, மோட்டார். விதி வேண்டுமென்றே விளையாடியதுபோல் இருந்தது. அவனா விடுகிறவன்? பைப்பைக் குழாய் என்றான். பெயிண்ட்டைச் சாயம் என்றான். பம்பு நீரேற்றி ஆயிற்று, போல்ட் திருகாணி ஆயிற்று, பில் ரசீது, பேனா எழுதுகோல், போன் தொலைபேசி. மேனேஜரை ஐயா என்றே கூப்பிட்டான். கடையே அசந்துபோனது. ‘நம்ம ஆள் ஒரு வார்த்தை இங்கிலீஷ் கலக்காம பேசுறாருய்யா’ என்று மெச்சி, ‘செந்தமிழ்’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். நட்டு, வால்வு என்று அவன் சொன்னதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. தங்கள் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்குக்கூட அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

“அக்கா, தமிழை நான் காப்பாத்துறேன்னு நினைக்கிறாங்க. அதுதான் என்னைக் காப்பாத்துது” என்று சொல்லிச் சிரிப்பான்.

நிதானமான ஆள், யோசித்துப் பேசுகிற ஆள் என்று முன்கவுண்டரிலேயே உட்காரவைத்தார்கள். திக்குவாய் என்பது அக்காவுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனைவிக்குத் தெரியும். கடையில் ஓர் ஈ காக்கைக்குத் தெரியாது. அதை அவன் கண்ணுக்கு இமைபோலக் காத்து வைத்திருந்தான்.

சும்மா காத்துவிட முடியுமா? ஒரு போன் பேசுவதற்கு முன்னால், யாரையாவது முக்கியமாகப் பார்க்கப் போவதற்கு முன்னால், கிழிந்த தாளின் ஓரத்தில் சொல்லவேண்டியதை எழுதிப் பார்ப்பான். ஒட்டுகிற சொல்லை அடித்துவிட்டு ஒட்டாத சொல்லைப் போடுவான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். வேலை முடிந்ததும் மறந்துவிடுவான். அந்தச் சட்டைகள் எங்கே வரும்? அக்காவின் லாண்டரிக்குத்தான். வேலை செய்கிறவர்களின் வீட்டுத் துணிக்குக் கூலி இல்லை என்பது முதலாளியிடம் இருந்த ஒரே தர்மம்.

ஒருமுறை அவனே கேட்டான். “அக்கா, என் சட்டைல துண்டுச் சீட்டு இருந்தா கிழிச்சுடுறேல்ல?”

“கிழிக்காம, சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேனாக்கும்” என்றாள்.

கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அட்டையில், அவன் கையெழுத்திலேயே, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தாள்.

*டீக்கு ஊத்துற வெள்ளை தீர்ந்தது*
*வெளிய ஈரம்*
*வண்டி கிடைக்கல, நடந்து வரேன்*
*எங்க வீட்டுச் சின்னதுக்கு வயசு ஏறுற நாள்*
*அப்பா காலைல எழுந்திருக்கல*
*நான் இன்னைக்கு வரல*

அப்பா இறந்த அன்று கடைக்குச் சொல்ல அவன் எழுதிக்கொண்ட சீட்டுதான் கடைசி இரண்டு வரி. ‘இறந்துட்டார்’ என்று எழுதியிருக்கலாம். அதில் உதடு ஒட்டாது. ஆனாலும் அவன் அப்படி எழுதவில்லை. மாற்றிச் சொல்லிச் சொல்லி, மாற்ற வேண்டாத இடத்திலும் மெதுவாகச் சொல்லப் பழகிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த அட்டையை எடுத்தால் அவளுக்குக் கண் கலங்கிவிடும். இது தம்பி சாமான், வெளியே போகக்கூடாது என்று பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. இருந்தும் என்ன?

கடைக்கு ஓர் ஓவிய டீச்சர் துணி போடுவார். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். எந்தச் சட்டையிலும் சாயக் கறை இல்லாமல் வரமாட்டார். ஒரு நாள் கவுண்டரில் சாத்தியிருந்த ‘கறை போகாவிட்டால்’ அட்டையைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“யார் பண்ணினது இது?”

“நான்தான். ஏன், கறை போகலையா?” என்றாள் சண்டைக்குத் தயாராக.

இதுபோல் பெட்டி நிறைய இருக்கிறது என்று தெரிந்ததும் டீச்சர் பின்னறைக்கே வந்தார், கட்டிலில் உட்கார்ந்தார், பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவள் வாழ்க்கையில் அவள் அறைக்கு வந்து உட்கார்ந்து, அவள் செய்ததை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். நூலகத்து மண்டபத்தில் கண்காட்சி வைக்கலாம் என்றார். ‘கண்டெடுத்தவை’ என்று தலைப்பும் வைத்துவிட்டார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரிக்காரரிடம் கூட அன்றைக்குக் குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். “எல்லாமே நல்லா இருக்கு. ஆனா எல்லாமே யாரோ ஒருத்தரோட பாக்கெட். நடுவுல மாட்ட உங்களுக்குன்னு நெருக்கமா ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும். இருக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் ஒருத்தர் நம்மைப் பார்த்து ‘உன்கிட்ட இன்னும் இருக்கா’ என்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? குனிந்து பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். “யார் எழுதினது?” என்றதற்கு, “தெரிஞ்சவங்கதான். பேர் வேண்டாம்” என்றாள். பேர் இல்லையென்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவள் கணக்கு.

தம்பியிடம் கேட்க நேரம் இல்லாமல் போயிற்று என்று சொன்னால் அது பொய். கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவனே வந்தான். துணி மூட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான்.

“டேய், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று ஆரம்பித்தாள்.

“அதை அப்புறம் கேளு. எங்க கடையே வருது தெரியுமா? ஐயா வர்றார். எல்லாருக்கும் சொல்லிட்டேன், எங்க அக்கா செஞ்சதுன்னு. நீ என்ன சாதாரண ஆளா?”

அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்டால் வேண்டாம் என்பான். வேண்டாம் என்றால் எடுக்க வேண்டியிருக்கும். நடுவில் மாட்டியதை எடுத்தால் என்ன மிஞ்சும்?

“என்னமோ கேக்கணும்னியே?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு நல்ல சட்டை போட்டுட்டு வா.”

அவ்வளவுதான். அவள் செய்தது அவ்வளவுதான். பிறகு எத்தனையோ நாள் இந்த இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்து நின்றாள். டீச்சர் மேல் தப்பில்லை, கடைக்காரர்கள் மேல் தப்பில்லை. அவன் வேண்டாம் என்பான் என்று தெரிந்துதான் அவள் கேட்கவில்லை.

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். கயிறு கட்டி, கிளிப் போட்டு அட்டைகளை மாட்டியிருந்தார்கள். சோதனைச் சாவடி புதுத்துணி உடுத்தி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். தம்பி மனைவியோடும் மகளோடும் வந்தான். பின்னாலேயே மேனேஜரும் கடை ஆட்களும். ஒவ்வோர் அட்டையாகக் காட்டி, “இதைக் காணுங்க ஐயா, இது சக்கரம்” என்று அவனே விளக்கிக்கொண்டு வந்தான். கறை அட்டையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். அப்படியே நடுவுக்கு வந்தான்.

முதல் வரியைப் படித்தான். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

அவள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிக் கூட்டத்தில் அவளைத் தேடினான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ‘நீயா’ என்பது மட்டும்தான்.

கடைக் கணக்கர் உரக்கப் படிக்க ஆரம்பித்திருந்தார். “வெளிய ஈரம்... அட, இது நம்ம செந்தமிழ் பேசுற மாதிரியே இருக்கே.”

ஓவிய டீச்சருக்கு அது போதுமாக இருந்தது. நல்ல கவிதை கண்ட சந்தோஷத்தில் முன்னால் வந்தார். “கவனிச்சுப் பாருங்க. இதுல ஒரு சொல்கூட உதடு ஒட்டுற எழுத்துல தொடங்கல. ப இல்ல, ம இல்ல. அந்தக் காலப் புலவர்கள் உதடு ஒட்டாமலே செய்யுள் பாடுவாங்க. அதுபோல ஒரு வித்தையை யாரோ அன்றாடப் பேச்சுல பண்ணியிருக்காங்க. பாலை எவ்வளவு அழகா மாத்தியிருக்காங்க பாருங்க.”

“ஓகோ” என்றார் மேனேஜர். நல்ல மனிதர், விளையாட்டுப் பிரியர். தம்பியின் தோளில் கைபோட்டார். “அதான் நீங்க பில்லுன்னு சொல்லவே மாட்டீங்களா? ரசீது, ரசீதுன்னே சொல்வீங்களே. இப்ப பில்லுன்னு ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம். எங்க, செந்தமிழ் தோத்துப்போகுதா பார்க்கலாம்.”

எல்லோரும் சிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கேலி செய்யவேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அவன் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் மாற்றுச் சொல் ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. அவனுடைய மாற்றுச் சொல் எல்லாம் அங்கே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தான்.

“ப...”

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சிரித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அவனுடைய சின்ன மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அக்காவுக்குக் குறுக்கே ஓடிப்போய் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்போல் இருந்தது. மேனேஜர் தோளிலிருந்து கையை எடுத்து, “சரி, சரி, விடுங்க. மெதுவா, மெதுவா” என்றார். அந்த ‘மெதுவா’வைக் கேட்டதும் அவன் வாசலைப் பார்த்து நடந்தான்.

பின்னாலேயே ஓடியவளை அவன் மனைவி படிக்கட்டில் நிறுத்தினாள்.

“கண்டெடுத்ததுன்னு போட்டிருக்கீங்க அண்ணி. அவர் தொலைக்கலையே” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு கடையில் அவனுக்கு நடந்ததெல்லாம் நல்லெண்ணத்தில் நடந்ததுதான். செந்தமிழ் என்று யாரும் கூப்பிடுவதில்லை. அவன் பேச வாயெடுத்தால் எல்லோரும் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுப் பொறுமையாகப் பார்த்தார்கள். அவன் குழாய் என்றால், “பைப்புதானே? கஷ்டப்படாதீங்க” என்றார்கள். ‘உங்க வசதிக்காகத்தான்’ என்று மேனேஜர் அவனை முன்கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னால் சரக்கு அறையில் போட்டார். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. திருகாணிகள் பேசாது.

லாண்டரிக்கு அவன் துணி வருவது நின்றுவிட்டது. வீட்டிலேயே துவைக்கிறார்களாம். போன் செய்தால் மனைவி எடுத்து, “குளிக்கிறார் அண்ணி” என்பாள். எப்போது கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டே இருந்தான். டீச்சர் வந்து அழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். எல்லோரும் அந்த அட்டையைத்தான் பேசுகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். “அதைக் கழட்டிக் குடுத்துடுங்க” என்றாள் இவள். பைகளைத் துழாவுவது வேலை. அதை விட முடியாது. ஆனால் கையில் அகப்பட்ட துண்டுகளை இப்போது படிக்காமல், கசக்கிக் குப்பையில் போட்டாள். இஸ்திரிக்காரர் பார்த்தார். பிறகு தன் இஸ்திரிக்குத் திரும்பினார்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் காலையில் அட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து மகளின் பொம்மையைத் திருகிச் சரி செய்துகொண்டிருந்தான். தலையை ஆட்டினான். ‘உட்கார்’ என்று நாற்காலியைக் காட்டினான். அவள் அட்டையை அவன் பக்கத்தில் வைத்தாள்.

“உன்னோடது. எனக்கு இதுல பாத்தியதை இல்ல. கேக்காம எடுத்தது தப்பு. கேட்டா நீ குடுக்கமாட்டேன்னு தெரிஞ்சே எடுத்தேன். அது அதைவிடத் தப்பு.”

வீட்டிலிருந்து நடந்து வரும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு. சொல்லி முடித்ததும் அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தம்பி மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்பல்லாம் அவர் மாத்திச் சொல்றதில்ல அண்ணி” என்றாள் மெல்ல. “அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, இனி எதுக்கு ஒளியணும்னு விட்டுட்டார். பால்னா பால்னே சொல்றார். எவ்வளவு நேரம் ஆனாலும் முட்டி மோதி அதையே சொல்றார். நாங்க வாயைத் திறக்கிறதில்ல. எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு குழந்தைக்கும் சொல்லி வச்சிருக்கேன். அவரா சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருப்போம்.”

“சரிம்மா” என்றாள்.

டீ டம்ளரோடு கூடத்துக்கு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் அட்டையை மடியில் வைத்திருந்தான். அப்பாவைப் பற்றிய சீட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்காட்சிக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“அக்கா” என்றான். “நான் உன்னை...”

நின்றது.

“ம...”

உதடு ஒட்டிக்கொண்டது. அவன் விடவில்லை. கண்ணை மூடினான், தாடை நடுங்கியது, நெற்றியில் வேர்த்தது. “ம... ம...” இந்தச் சொல்லுக்கு அவன் வேறு சொல் தேடவில்லை. இதையேதான் சொல்லப்போகிறான். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காத்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலில் யாரோ வண்டியை நிறுத்தினார்கள், பேசினார்கள், போனார்கள். அவன் இன்னும் அந்த ஒரே எழுத்தில் நின்றான். கழுத்து நரம்பைப் பார்த்தாள். காலிப் பாத்திரத்தோடு அழுதுகொண்டு நின்றவனும் இவனும் அவளுக்கு ஒரே பிள்ளைதான். தாங்கவில்லை.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல வர்றியாடா?” என்றாள்.

அவன் உதடு மெல்ல விலகியது. கண்ணைத் திறந்தான். அடுப்படி வாசலில் அவன் மனைவி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மன்னிச்சுட்டேன் என்பதற்கும் ம தான். மறக்க மாட்டேன் என்பதற்கும் ம தான். மன்னிக்கவே மாட்டேன் என்பதற்கும் அதே ம தான். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, சொன்னது சொன்னதுதான்.

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“ஆமா” என்றான்.

திக்கவே இல்லை. உதடு ஒட்டாமல் தொடங்குகிற சொல். அவன் பொம்மையை எடுத்துக்கொண்டு மறுபடி திருக ஆரம்பித்தான். என்ன சொல்ல வந்தாய் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.